என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க

அஞ்சு மணிக்குள்ள பியூலா பதில் சொல்லியாகணும், போறேன்னோ போகலைன்னோ. நான் என்னடான்னா இங்க ஏசிக்கு நேர் கீழே காலை மடக்கி உக்காந்துக்கிட்டு, ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு டூட்டி போடுற புரோகிராம் ஓடி முடியுதான்னு திரையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை மத்தியானம். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலைன்னு சொல்லிட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பாங்க. மாடி முழுக்க நாங்க நாலஞ்சு பேர்தான். பியூலா யாருன்னு இங்க கேட்டா மேமோட, அதாவது என்னோட, ரூம்மேட்னு சொல்வாங்க. ரூம்மேட்டாம். காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்ற பேரு. எங்க ரெண்டு பேருக்கும் டை அடிக்கலைன்னா தலை வெள்ளை. தோழின்னு சொன்னா மைக் பிடிச்சுப் பேசுற மாதிரி இருக்கு. கூட இருக்கிறவ, அவ்வளவுதான். பெருங்குடியில ரெண்டு ரூம் வீடு, ஒரு ரூம் அவளுக்கு, ஒண்ணு எனக்கு, ஹால் டிவிக்கு. அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை, நாக்பூர்ல பெரிய பொறுப்பு குடுத்துக் கூப்பிடுறாங்க, இன்னிக்குச் சாயங்காலம் சொல்லியாகணும். காலைல காபி ஆத்திக்கிட்டே கேட்டா, "ஏட்டி, நான் போகட்டுமா இருக்கட்டுமா, நீ என்ன சொல்லுத?" நான் என்ன சொன்னேன்? அங்க குவார்ட்டர்ஸ் குடுத்தா போ. குடுக்கலைன்னா ஆபீஸ் பக்கத்துல வீடு பாரு. உங்கம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி வந்துட்டா ரெண்டு மாசம் தள்ளிக் கேளு. தள்ள மாட்டோம்னு சொன்னா உங்க அண்ணனை லீவு போடச் சொல்லு. வாஷிங் மிஷினை நீ கொண்டு போ, ஃபிரிட்ஜ் இங்க இருக்கட்டும். இப்படியே சொல்லிக்கிட்டே போனேன். அவ டம்ளரை வாயில வச்சபடி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லல. எனக்கே பஸ் ஏறின பிறகுதான் உறைச்சுது.

இது தொழில் வியாதி. இத்தனை வருஷமா நான் மெஷினுக்குச் சொல்லிக்கிட்டு வந்தது அப்படித்தான். முதல்ல இதைச் செய், அப்புறம் அதைப் பார், அது அப்படி இருந்தா இந்தப் பக்கம் திரும்பு, இல்லைன்னா அந்தப் பக்கம், முடிஞ்சா மறுபடி மேல போய் அடுத்த ஆளைப் பிடி. இந்த டூட்டி புரோகிராமை முதல்ல எழுதினவளும் நான்தான். ஒவ்வொரு நர்ஸா வரிசையில எடுக்கும். லீவா? விடு. நேத்து நைட்டா? விடு. இல்லையா, போடு. அடுத்த நாளுக்கு விட்ட இடத்துலேர்ந்து தொடங்கு. அவ்வளவுதான், சுத்திச் சுத்தி வரும், மாடு செக்கு இழுக்கிற மாதிரி. ஆனா எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு என்னால விரல் வச்சுச் சொல்ல முடியும். அதுதான் எனக்குப் பிடிச்சது. இப்ப நவ்ஃபல் வந்து எல்லாத்தையும் மாத்தியாச்சு. நவ்ஃபல் என் டீம்ல இருக்கான், கல்யாணமாகி இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு, கண்ணுல தூக்கமே கிடையாது, ஆனா வேலைல படு சூட்டிகை. அவன் முறையில படியே கிடையாது. விதிகளை மட்டும் எழுதி வைக்கணும். ஒவ்வொரு வார்டுலயும் இத்தனை பேர் இருக்கணும், நைட் பாத்தவங்களுக்கு மறுநாள் பகல் கூடாது, லீவு கேட்ட நாள்ல கூப்பிடக் கூடாது, விருப்பம் சொல்லியிருந்தா முடிஞ்சவரைக்கும் குடு. அப்புறம் அதை சால்வர்கிட்ட விட்டுட்டு நாம டீ குடிக்கப் போகலாம். சால்வர்னா ஒண்ணுமில்ல, விதியைக் குடுத்தா விடையைத் தேடித் தர்ற சமாசாரம். எப்படித் தேடுதுன்னு நமக்கு அக்கறை கிடையாது. "அக்கா, என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, எப்படிங்கிறத அது பாத்துக்கும்"னு முதல் நாளே சொன்னான். நான் சிரிச்சேன். எனக்கு அதைக் கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. எப்படின்னு யாராவது கேட்டா நாள் முழுக்கச் சொல்வேன். என்ன வேணும்னு கேட்டா எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், ஆனா அது நிஜமில்ல. சின்ன வயசுல ஜவ்வு மிட்டாய் வேணும்னு தெருவுல புரண்டவதான் நான். எங்க போச்சு அந்தப் புத்தின்னு தெரியல.

மணி பாக்கக் கூடாதுன்னு நினைச்சா கண்ணு அங்கயேதான் போகுது, திரையோட வலது மூலைக்கு. ரெண்டே முக்கால். பியூலா இப்ப சாப்பிட்டு முடிச்சிருப்பா. இன்னிக்கு அவ டப்பாவுல லெமன் சாதம், நான்தான் கட்டினேன், கடலையை அள்ளிப் போட்டேன், அவ கடலையைத்தான் முதல்ல பொறுக்குவா. நாக்பூர்ல யாரு கட்டுவா? அவளே கட்டிக்குவா, கை இல்லையா. இல்லைன்னா கேன்டீன். பாரு, திரும்பவும் எப்படி எப்படின்னுதான் போகுது. அவ சாப்பாட்டுக்கு வழி இருக்கு. வழி இல்லாதது எனக்குத்தான். சனிக்கிழமைன்னா அவளுக்கு மீன் இருக்கணும். நாங்க சைவம், எங்கம்மா ஒரு தடவை வந்தப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு நாள் முழுக்க ரூமை விட்டு வெளியே வரல. அதனால மீன் சட்டி பால்கனியில தனியா இருக்கும், தனி அடுப்பு, தனிக் கரண்டி. அவ அங்க நின்னு கொழம்பு கூட்டிக்கிட்டே சர்ச் பாட்டைப் பாதிப் பாதியா முணுமுணுப்பா, நான் கதவை இழுத்துச் சாத்திக்கிட்டு உள்ள கத்திரிக்காய் நறுக்குவேன். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நின்னு ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் வாயாரத் திட்டுவோம். அவ மேனேஜர், என் மேனேஜர், கீழ் வீட்டு அசோசியேஷன் செக்ரட்டரி, ஒருத்தரையும் விடுறதில்ல. வீட்ல சத்தமா நான் பேசுறது அப்பத்தான். அவ போயிட்டா கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இருக்காது.

போன் அடிச்சப்ப பியூலாதான்னு நினைச்சு எடுத்தேன், ஆஸ்பத்திரி மேட்ரன். குணசுந்தரியம்மா. நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி, நல்ல மனுஷி, ஆனா போன்லயும் வார்டுல பேசுற மாதிரியேதான் பேசுவாங்க. "ஏம்மா, உங்க புது மெஷினுக்கு எங்க வேம்பரசி மேல என்ன கோவம்?" எனக்கு ஒண்ணும் புரியல. "போன வாரம் நீங்க அனுப்பின நாலு மாசப் பட்டியல்ல தீபாவளிக்கு நைட்டு அவ. கிறிஸ்துமஸுக்கு நைட்டு அவ. வருஷப் பொறப்புக்கு அவ, பொங்கலுக்கும் அவ. ஞாயித்துக்கிழமைன்னா அவ பேரு இல்லாம ஒரு வாரம் கிடையாது. மத்த பிள்ளைங்க எல்லாம் கேட்ட நாளெல்லாம் லீவு கிடைச்சுதுன்னு சந்தோஷமா சுத்துது. இவ ஒருத்தி என்ன பாவம் பண்ணினா?" லீவு, நைட் எல்லாம் விதிப்படி சரியா இருக்கான்னு கேட்டேன். "சரியாத்தான் இருக்கு. ஒரு குத்தம் சொல்ல முடியல. அதான் எரிச்சலா வருது." அவங்க என்ன விருப்பம் குடுத்திருந்தாங்கன்னு கேட்டேன். "அவ எதும்மா குடுத்தா. எப்பவும் குடுக்க மாட்டா. எது போட்டாலும் வருவா, நல்ல பிள்ளை." அவங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டீங்களான்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல, அது எனக்குத் தேவையில்லாத விஷயம். மேட்ரன் கொஞ்சம் சுருதி இறங்கினாங்க. "கேட்டேன். பரவால்ல மேட்ரன், யாராவது பாக்கத்தானே வேணும்னா. சரி போன்னு விட்டேன். பின்னால போய்ப் பாத்தா டிரெஸ்ஸிங் ரூம்ல பஞ்சு மூட்டை மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்ததும் தலைவலின்னுட்டா." மாத்திக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு வச்சேன். காது சூடா இருந்துச்சு.

நவ்ஃபல் நாற்காலியை உருட்டிக்கிட்டே வந்தான். ரெண்டு பேரும் விதிகளை மேலேர்ந்து கீழே படிச்சோம். ஒரு விதியிலயும் தப்பில்ல. தப்பு இருந்தா நிம்மதியா இருந்திருக்கும், திருத்திட்டு எழுந்து போயிருக்கலாம். இல்லாத விதியை எங்க போய்த் தேடுறது? கஷ்டமான நாளை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுன்னு எங்கயும் சொல்லவே இல்ல. இதை எழுதினவன் அவன், படிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னவ நான். எனக்கு அது இல்லாதது கண்ணுல படவே இல்ல. எப்படிப் படும்? என் பழைய புரோகிராம்லயும் அப்படி ஒரு வரி கிடையாது. அது பாட்டுக்கு வரிசையில சுத்தி வரும், சுத்தும்போது எல்லாருக்கும் ஒரு தீபாவளி விழும், ஒரு பொங்கல் விழும். நான் நியாயத்தைச் சொன்னதே இல்ல, நடக்கிற நடையில தானா வந்துச்சு. நடையை எடுத்ததும் நியாயமும் கூடவே போச்சு. சால்வர் பேர்ல என்ன குத்தம்? அதுகிட்ட ஒருத்தி ஞாயிறு வேண்டாம்னா, ஒருத்தி தீபாவளி வேண்டாம்னா, ஒருத்தி பிள்ளைக்குப் பரீட்சைன்னா. வேம்பரசி ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாதவ தலையில எதை வச்சாலும் எந்த விதியும் உடையாது. அது பாட்டுக்கு அள்ளி வச்சிருச்சு. "சே, ரொம்ப லாஜிக்கலா இருக்குக்கா"ன்னு நவ்ஃபல் சொன்னான், பாராட்டுற மாதிரி. எனக்கு அவனை ஒரு அறை விடணும் போல இருந்துச்சு, பாவம், அவன் என்ன செஞ்சான். "அவங்க ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல"ன்னான். "சொல்ல முடியாதவங்க இருப்பாங்கப்பா"ன்னேன். குரல் கொஞ்சம் கூடிப்போச்சு போல, அவன் திரும்பிப் பாத்துட்டு, "டீ சொல்லவாக்கா"ன்னான்.

டீ வேண்டாம்னுட்டேன். உக்காந்து அந்த விதியை எழுதினேன். பண்டிகை நைட் யாருக்கும் ஒண்ணுக்கு மேல கூடாது, ஞாயிறு எல்லாருக்கும் ஏறக்குறைய சமமா இருக்கணும். எழுதுறதுக்கு ரெண்டே வரி. வெக்கமா இருந்துச்சு, இவ்வளவு சின்னதா இருக்கேன்னு. ஓட விட்டேன். மறுபடி முதல்லேர்ந்து தேடணும், அரை மணி ஆகும், ஒரு மணியும் ஆகும். கையில வேலை இல்லாம உக்காந்திருக்கும்போதுதான் பயம் வரும், வந்துச்சு. வீட்டைப் பத்தின பயம். பெரிசா ஒண்ணுமில்ல, திருடன் கிருடன்னு இல்ல. சாவியைத் திருப்பி உள்ள போறேன், எந்த லைட்டும் எரியல. அவ எப்பவும் பாத்ரூம் லைட்டை அணைக்காம விடுவா, நான் கத்துவேன். இனிமே நான் எப்படி விட்டுட்டுப் போனேனோ அப்படியே இருக்கும். காலைல கவுத்து வச்ச டம்ளர் சாயங்காலமும் அதே இடத்துல இருக்கும், யாரும் நகத்தியிருக்க மாட்டாங்க. ஜுரம் வந்தா கஞ்சி வேணுமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போன தடவை டைஃபாய்டுல கிடந்தப்ப அவ லீவு போட்டுட்டு என் கால்மாட்டுல உக்காந்து ஆபீஸ் வேலையைப் பாத்தா. நான் ஏன்டி லீவை வீணாக்குறே, நீ கிளம்புன்னேன். அப்பவும் இருன்னு சொல்லல. கிளம்புன்னுதான் சொன்னேன். அவளா இருந்தா. அவ தானா இருந்தா, அதனால சொல்ல வேண்டிய தேவையே வரல. இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியிருக்கு, வரிசை சுத்தி வந்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கும் வர வேண்டியது வந்துக்கிட்டே இருந்துச்சு. நாக்பூர்காரன் வந்து வரிசையைக் கலைச்சுட்டான். இப்ப சொன்னாத்தான் உண்டு. சொன்னா என்ன ஆகும்? அவ முன்னேத்தத்தைத் தடுத்தவன்னு ஆகும். சொல்லி அவ இருந்துட்டா, நாளைக்கு அங்க ஒருத்தன் அந்த இடத்துல உக்காந்து பெரியாளா ஆனா, மீன் சட்டியைத் தேய்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது ஞாபகம் வரும். சொல்லி அவ இருக்கலைன்னா? அதுதான் பெரிய பயம். சொல்லாம இருந்தா அவ போனது வேலைக்காகப் போனதா இருக்கும். சொன்ன பிறகு போனா, என்னை விட்டுட்டுப் போனதா ஆயிடும். அதை எப்படித் தாங்கறது? பாரு, இப்படி ஆனா அப்படி, அப்படி ஆனா இப்படி. கிளை கிளையா விரிச்சுக்கிட்டே போறேன், ஒரு கிளையிலயும் இறங்கி உக்கார மாட்டேன். எனக்கே என் மேல கோவம் வந்துச்சு. பஞ்சு மூட்டை மேல உக்காந்து அழுறது இதைவிட எவ்வளவோ மேல்.

போனை எடுத்துக்கிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன். அங்கதான் சிக்னல் ஒழுங்கா இருக்கும், ஒரு வாளியும் துடைப்பமும் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. மூணாவது ரிங்ல எடுத்தா. "சொல்லுட்டி, கூட்டத்துல இருந்து வெளிய வந்திருக்கேன்." நான், "அம்மா ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி சொன்னாரா"ன்னு ஆரம்பிச்சேன். சத்தியமா அப்படி ஆரம்பிக்கணும்னு நினைக்கல. அவ, "இன்னும் சொல்லல"ன்னா. "சொன்னார்னா நீ அவங்ககிட்ட..."ன்னு இழுத்தேன். நடுவுல நின்னுட்டேன். வாளித் தண்ணி கறுப்பா இருந்துச்சு, ஃபினாயில் வாடை மூக்கைத் துளைச்சுது. "பியூலா, நீ போக வேண்டாம். எனக்கு நீ இங்க இருக்கணும்." சொல்லிட்டேன். ஏன், எப்படி, எது ஆனா எதுன்னு ஒண்ணும் சேக்கல. அவ்வளவுதான் இருந்துச்சு சொல்றதுக்கு.

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம், கதவு மூடுற சத்தம். "ஏட்டி, இதைக் காலைல சொல்லியிருக்கக் கூடாதா"ன்னா. குரல் அவ குரல் மாதிரியே இல்ல. "மத்தியானமே வரேன்னு சொல்லிட்டேன்." "அஞ்சு மணின்னியே"ன்னேன். "அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு வச்சுக்கிட்டு உக்காரணும்? நீதான் வீடு முதக்கொண்டு அத்தனையும் திட்டம் போட்டுக் குடுத்துட்டியே. வாஷிங் மிஷின் கூட எனக்குன்னு ஆயாச்சு. சரிதான், இவ எப்பமோ மனசுல என்னை அனுப்பிட்டா போலன்னு நினைச்சேன். பஸ்ல போகும்போது அழுகையே வந்துட்டு எனக்கு." நான் அப்படி இல்ல, அப்படி இல்லன்னு ரெண்டு மூணு தடவை சொன்னேன். அவ போய்ச் சேர்ற வழியில கஷ்டம் இருக்கக் கூடாதுன்னுதான் யோசிச்சேன், அவளைத் தள்ளணும்னு இல்லன்னு விளக்கினேன்.

"மாத்திச் சொல்ல முடியாதா"ன்னு கேட்டேன். இதையும் கேட்டுட்டேன். ஒரு தடவை வாயைத் திறந்துட்டா அடுத்தது தானா வருது. "முடியும்"னா. "இப்பக்கூட ஒரு போன் போட்டா போதும். ஆனா மாத்த மாட்டேன்ட்டி. காலைல நீ இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கர்த்தர் மேல ஆணையா, இருந்திருப்பேன். மத்தியானம் வரேன்னு சொன்ன பொறவு அங்க உக்காந்து யோசிச்சேன். எனக்குப் போகணும்னு இருக்கு. அது முன்னால எனக்கே தெரியாது. சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது. அந்த வேலை எனக்கு வேணும்." கோவமாச் சொல்லல. அழுதுக்கிட்டுத்தான் சொன்னா, மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. அவளுக்கு வேணுங்கிறதை அவ சொல்லிட்டா, எனக்கு வேணுங்கிறதை நான் சொல்லிட்டேன். ரெண்டையும் வாங்கிக்கிட்டு ஒரு வழி பண்ணித் தர யாரும் இல்ல. படிக்கட்டுல யாரோ ஏறி வர்ற சத்தம் கேட்டு நான் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னேன். "கேக்குதா"ன்னா. கேக்குதுன்னேன். "கோவமா"ன்னா. இல்லைன்னேன். "பின்ன சரியா?"ன்னா.

"சரி"ன்னேன். பழக்கம், வந்துருச்சு. அவ மூச்சு விடுறது கேட்டுச்சு, போனை வைக்கப் போறான்னு தெரிஞ்சுச்சு. "இல்ல பியூலா, சரியில்ல"ன்னேன். "நீ போ. உனக்கு வேணும்னா நீ போய்த்தான் ஆகணும். ஆனா எனக்குச் சரியில்ல, கொஞ்சங்கூடச் சரியில்ல."